நெருப்புக்கு எந்தத் தெரு?

இந்த நாட்டில் சனங்கள் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, காசு செலவழித்து ரயிலேறிப் போய், வயல்வெளியில் துணிக் கொட்டகை போட்டுப் படுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் சந்தோஷத்துக்கு என்கிறார்கள். அதற்குக் 'கேம்பிங்' என்று பெயர். லண்டனுக்கு வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டபோது, யாரோ என்னை ஏய்க்கிறார்கள் என்றே நினைத்தேன். வெட்டவெளியில் மூன்று கல் கூட்டிப் பொங்கித் தின்று கட்டாந்தரையில் படுப்பவர்களை ஊரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை உரிக்க ஜவ்வாது மலையடிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், பாலாற்று வெள்ளத்தில் குடிசையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களில் ஒருவராவது சந்தோஷத்துக்காகப் படுத்தார் என்று நான் அறியேன்.

நான் ஆம்பூரில் தோல் ஷாப்பு என்கிற பதனிடும் ஆலை ஒன்றில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தேன். எங்களிடம் தோல் வாங்க வந்த துரை ஒருவருக்கு என் கைப்பழக்கம் பிடித்துப்போனது. பெர்மாண்ட்ஸி என்ற பேட்டையிலுள்ள தம் கிடங்குக்கு என்னை அழைத்துவந்தார். கப்பலேறும்போது, இனி அந்தத் தோல் நாற்றம் இல்லாத ஊருக்குப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். கிடங்கின் கதவைத் திறந்ததும் அதே நாற்றம் வாசலுக்கு வந்து என்னை எதிர்கொண்டது. நமக்கு முன்னாலேயே நம் ஊர்த் தோல் இங்கே வந்து குடியேறிவிட்டிருந்தது.

ஒரே மேசையில் என்னோடு வேலை செய்தவன் ஆல்பர்ட். போன ஆகஸ்டு மாதம், கிடங்கு ஆட்களெல்லாம் கெண்ட் என்ற நாட்டுப்புறப் பக்கம் கேம்பிங் போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டான். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். ஒருவன் ரொட்டி, ஒருவன் பன்றி இறைச்சி, ஒருவன் தேயிலை. "நீ என்ன கொண்டுவருவாய்?" என்றான். "நெருப்பு" என்றேன். தீப்பெட்டியைச் சொல்கிறேன் என்று நினைத்து, "ரொம்பக் கஷ்டப்படாதே" என்று சிரித்தான்.

நான் சொன்னது தீப்பெட்டி அல்ல. குடியிருந்த வீட்டில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைச் சேர்த்தேன். கிடங்குத் தரையில் கூட்டித் தள்ளும் மரத்தூளைக் காகிதப் பையில் அள்ளிவந்தேன். சென்னையிலிருந்து தோல் கட்டி வரும் சாக்கின் பிசிறுகளை உதிர்த்துவைத்தேன். பழைய டப்பாவில் மெழுகைப் போட்டு, அந்த டப்பாவை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, தூளையும் பிசிறையும் அதில் பிசைந்தேன். வீட்டுக்கார அம்மாள் பன் சுடும் தட்டின் குழிகளில் உருண்டை உருண்டையாக அடைத்து ஜன்னலோரம் ஆறவைத்தேன். ஒன்றைப் பற்றவைத்தால் ஈர விறகும் பிடித்துக்கொள்ளும்வரை நின்று எரியும். அன்று மாலை வீட்டுக்கார அம்மாள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தபோது, தட்டில் என் உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. உங்கள் இந்தியப் பலகாரம் அழகாக இருக்கிறதே என்றாள். "அம்மா, அது நெருப்பு" என்றேன். அவள் கையை உதறிக்கொண்டு, "அப்படியானால் எனக்கு வேண்டாம், உங்கள் காரம் என் வயிற்றுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் திருத்தவில்லை. அந்த உருண்டை எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

ஆம்பூரில் எங்கள் தெரு தோல் ஷாப்புக்குப் பின்னால், ஆற்றங்கரையில் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது தீப்பெட்டியைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள். அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் போய்க் கங்கு வாங்கி வருவார்கள். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் எல்லா அடுப்பும் ஒன்றாக அணைந்துவிட்டது. தீக்குச்சி நமுத்துப் போயிருந்தது. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி வெந்நீர், வெந்நீர் என்று கத்தினாள். நைனா உடைந்த சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கடைத்தெரு முனையில் இட்டிலிக் கடை அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

"சாமி, ரெண்டு கங்கு குடுங்க சாமி. வூட்ல புள்ளத்தாச்சி துடிக்கிறா" என்றார் நைனா, தெருவில் நின்றபடி.

கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வௌக்கு வெக்கிற நேரத்துல அடுப்பு நெருப்ப உங்க தெருவுக்குக் குடுத்தா என் கடை வெளங்குமாடா? போ, போ."

"நெருப்புக்கு இன்னா சாமி தீட்டு?"

"எதுத்தா பேசுற?" என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு எழுந்தார் அவர்.

ஷாப்புக் காவலாளி பாஷா பாய் ஊரின் மறுகோடியில் இருந்தார். முழங்கால் தண்ணீரில் அங்கே போய்ச் சேர்ந்தோம். "இன்னாய்யா, நேரா இங்க வர்றத வுட்டுட்டு அவங்கிட்ட போயி பேஜார் பட்டிருக்கே" என்று சட்டி நிறையக் கங்கு அள்ளிப் போட்டு, மேலே ஓடு கவிழ்த்து, தம் கோணிப்பையையும் போர்த்தி அனுப்பினார். நாங்கள் வந்தபோது அம்மா உயிரோடு இருந்தாள். தங்கை பிறந்திருந்தாள், சில்லிட்டுப் போயிருந்தாள். வெந்நீர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. நைனா மட்டும் தெரிந்தவர்போல நம்பினார். மழை விட்டதும் தோலில் சுரண்டி எறியும் கொழுப்பை உருக்கி, பட்டைச் சக்கையும் கிழிந்த சாக்கும் சேர்த்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தார். பிறகு எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பரணிலும் தீப்பெட்டியோடு அந்த உருண்டையும் ஒரு மூடிபோட்ட பானையில் இருந்தது. எரிந்தால் குமட்டும். அந்த நாற்றத்தை வைத்தே ஊரார் எங்களுக்கு இன்னொரு பெயரும் வைத்தார்கள்.

கெண்ட் வயலுக்குப் போய்ச் சேர்ந்த அன்று தூறல். ஆல்பர்ட் ஒரு இளைஞனைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்து, "இதோ பார், உனக்காக உன் நாட்டுக்காரனையே பிடித்துவந்திருக்கிறேன்" என்றான். ஆல்பர்ட்டின் அக்காள் வீட்டு மாடியில் குடியிருந்து சட்டம் படிப்பவனாம். பெயர் ராமநாதன்.

"தமிழா நீங்க! எந்த ஊரு?"

எத்தனையோ மாதம் கழித்துக் காதில் தமிழ் விழுந்தது. "ஆம்பூருங்க" என்றேன்.

"அட, நம்ம ஜில்லா! நான் ஆற்காடு. மக்கன்பேடா தின்னு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? இங்க இருக்கிற இனிப்பெல்லாம் ஒரு இனிப்பாங்க?" என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆற்றைப் பற்றிப் பேசினான், வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசினான். பேச்சோடு பேச்சாக, "ஆம்பூர்ல எந்தத் தெரு?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். கடல் தாண்டி வந்தும் பொய் சொல்ல வேண்டுமா என்று ஒரு வீம்பு. "தோல் ஷாப்புக்குப் பின்னாடி, ஆத்தோரம்" என்றேன்.

"ஓகோ" என்றான். கை மெதுவாக விலகியது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இங்க வந்து ரொம்ப நாளாச்சா?" என்று கேட்டான். அதில் 'நீங்க'ளும் இல்லை, 'நீ'யும் இல்லை. நம் பாஷையில் மட்டும்தான் ஒருவனை இப்படி நடுவழியில் இறக்கிவிட முடியும்.

நான் உருண்டையைப் பற்றவைத்தேன். ஈர விறகு புகைந்து, பிறகு பிடித்தது. ஆட்கள் கைதட்டினார்கள். தேநீர் கொதித்ததும் தகரக் குவளையில் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தேன். ராமநாதன் வயிறு சரியில்லை என்றான். சற்று நேரத்தில் ஆல்பர்ட் அதே கெட்டிலிலிருந்து ஊற்றி நீட்டினான், வாங்கிக் குடித்தான். ஆல்பர்ட்டின் நகங்களில் இருந்ததும் என் நகங்களில் இருந்ததும் ஒரே தோலின் கறை. வெள்ளைக்கார விரலில் அது தீட்டில்லை போலும்.

மாலையில் கிராமத்துச் சாராயக் கடைக்கு எல்லாரும் புறப்பட்டோம். அதை இங்கே 'பப்' என்கிறார்கள். வாசலில் கடைக்காரன் என்னையும் ராமநாதனையும் பார்த்துவிட்டு ஆல்பர்ட்டிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னான். ஆல்பர்ட்டின் முகம் சிவந்தது. "கறுப்பர்களுக்கு இடமில்லையாம், நண்பா. அவன் கடை, அவன் சட்டம். ஒரே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். நெருப்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. ராமநாதன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாங்கள் இருவரும் வயலுக்குத் திரும்பினோம். அவன் முன்னால், நான் பின்னால்.

வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் காற்று குத்தியது. நான் நெருப்பருகே உட்கார்ந்தேன். அவன் கோட்டுப் பைக்குள் கைவிட்டுக்கொண்டு நடுங்கியபடி தள்ளியே நின்றான்.

"வந்து உக்காருங்க. குளிருது" என்றேன்.

அவன் கீழே கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கித் தள்ளிப் போட்டான். பிறகு, "அந்த உருண்டையில ஒண்ணு இருந்தா குடு. நான் அந்தாண்ட தனியா மூட்டிக்கிறேன்" என்றான்.

அந்த இட்டிலிக் கடைக்காரரின் கரண்டி இப்போது என் கையில் இருந்தது. போ, போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு மழை நாளில் சட்டியோடு நின்றவரின் மகன் நான்; ஓங்கிய கரண்டியைப் பார்த்தவன். அந்தக் கடைக்காரனாக ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் கொடுத்தேனே தவிர, இரக்கத்தில் அல்ல. அவன் ஒரு செய்தித்தாளை விரித்து நீட்டினான். கை படாமல் அதில் போட்டேன். அவனுக்கு விறகு அடுக்கத் தெரியவில்லை. உருண்டை மட்டும் எரிந்து அணைந்தது. இன்னொன்று கேட்டான். அதையும் கொடுத்தேன். எழுந்து போய் மூட்டித் தரவில்லை; இம்முறை அவன் விறகு எப்படியோ பிடித்துக்கொண்டது.

ஆல்பர்ட் கோட்டுக்குள் மறைத்து எங்களுக்காக இரண்டு பீர் புட்டி கொண்டுவந்தான். ஒரே வயலில் இரண்டு நெருப்பைப் பார்த்து விழித்தான். "ஏன் இரண்டு?"

"அவர் ஆற்காடு, நான் ஆம்பூர்" என்றேன்.

"ரொம்ப தூரமோ?"

"காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்."

"அடேயப்பா, அப்படியானால் அண்டை வீட்டுக்காரர்கள்!" என்று எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

மறுநாள் திரும்பும் ரயிலில் பெட்டி நிறையக் கூட்டம். ராமநாதன் ஒரு ஓரம், நான் மறு ஓரம். டிக்கெட் பார்க்க வந்தவர் அவன் சீட்டில் துளையிட்டுவிட்டு, என்னைக் காட்டி, "உன் அண்ணனும் உன்னோடுதானே வருகிறார்?" என்று கேட்டார். அவன் இல்லை என்றான். அவர் அதை நம்பவில்லை. நம்பாமல் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். ரயில் ஒரு குகைப்பாதைக்குள் நுழைந்தது. ஜன்னல் கண்ணாடி கறுத்தது. அதில் வெள்ளை முகங்களுக்கு நடுவே எங்கள் இரண்டு முகங்கள் மட்டும் கறுப்பாக, ஒன்றை ஒன்று பார்க்காமல் தெரிந்தன. அவற்றில் எது யாருடையது என்று அந்தப் பெட்டியில் எங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.