நாங்கள் நால்வரும் ஒரு தள்ளுவண்டியும்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியறையில் நாங்கள் நான்கு பேர் மூன்று வருடங்கள் ஒரு வீடியோ கேம் செய்தோம். அதில் பாதிதான் வெளியே வந்தது. மீதிப் பாதி என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

விளையாட்டு எளிமையானது. ஜீயபுரத்துத் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கும் வாழைத்தார்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, காந்தி மார்க்கெட் சந்துகள் வழியாக ஒரு தாரும் சரியாமல் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குறுக்கே ஆள் வரும், மாடு வரும், மழை வரும். மொத்தம் எட்டுக் கட்டங்கள்.

யோசனை எங்கள் புரோகிராமருடையது. பெங்களூரில் பத்து வருடங்கள் மற்றவர்களின் விளையாட்டுகளுக்குப் புரோகிராம் எழுதிவிட்டு, அப்பாவைக் கவனித்துக்கொள்ள காட்டூருக்குத் திரும்பியவர். அப்பா போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். நான் அப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். ஒரு கல்லூரிப் பயிலரங்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், தன் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, இரண்டு சக்கரங்கள். வேறொன்றும் இல்லை. தள்ளிப் பார்த்தேன். வளைவில் பெட்டி சாய்ந்தபோது என் தோளும் கூடவே சாய்ந்தது.

"பாத்தீங்களா, நீங்களே சாயறீங்க," என்று சிரித்தார். "வண்டி ரெடி. இதுக்கு ஒரு ஊர் வேணும்."

"நம்ம ஊர்தான் இருக்கே சார்," என்றேன். ஒரு மாதத்தில் வேலையை விட்டேன். ஒவ்வொரு கட்டமும் எப்படிப் போக வேண்டும் என்று வகுப்பது என் பொறுப்பு.

படம் வரைய இன்னொரு பெண் வந்தாள். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் மகள், பள்ளியில் ஓவிய ஆசிரியை. விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் நின்று வரைவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும்கூட நேரே அங்கேதான். மூட்டை தூக்குபவர்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, "என்னையும் போடும்மா, மீசையை மட்டும் பெருசா போடு" என்பார்களாம். அந்த மீசைகள் எல்லாம் விளையாட்டில் உண்டு.

ஒலிக்கு வந்தவர் பழைய நகரத்து முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விளையாட்டில் இசை கிடையாது என்று முதல் நாளே சொன்னவர் அவர்தான். "சக்கரம் கிறீச்சுங்கறதே போதும்ங்க," என்றார். மைக்கை மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டியின் அச்சில் கட்டிக்கொண்டு கூடவே நடந்து பதிவு செய்தார். "வண்டிச் சத்தத்தைப் புடிக்கவாடா படிச்சே?" என்று அவருடைய அப்பா, அவர் வழக்கில் அத்தா, கேட்பதைச் சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் செய்த முதல் கட்டத்தைப் பார்த்து, வெளியூர் நிறுவனம் ஒன்று விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்டது. பொங்கலுக்குள் எட்டுக் கட்டங்களையும் தர வேண்டும். ஆடி மாதமே நான்கை முடித்துவிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையிலும் இருந்ததில்லை.

ஐந்தாவது கட்டம் மழை. அதில் ஒரு கோளாறு. ஈரத்தில் ஒரு குறிப்பிட்ட வளைவைத் திரும்பினால் வண்டி வானத்துக்குப் பறந்தது. தார்கள் எல்லாம் காக்காய்க் கூட்டம் போல மேலே சிதறும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "எங்கன்னு தெரியும். நாளைக்குச் சரி பண்ணிடறேன்," என்றார் புரோகிராமர்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். டீ வந்திருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, "அந்தச் சாவியை எடுங்க," என்றார். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "சாவி இல்ல, அந்த... ஞாயிறு... ஞாயிறு," என்றார். நான் சிரித்தேன். எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்பவர்தான். ஓவியம் வரைபவளும் சிரித்தாள். இன்னும் இரண்டு மூன்று சொற்கள் சொன்னார். எதுவும் சொல்லாகவே இல்லை. அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒலிக்காரர்தான் எழுந்தார். "அண்ணே, வலது கையைத் தூக்குங்க. தூக்குங்கண்ணே." கை எழவில்லை. ஒலிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

ஆட்டோவில் ஏற்றினோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. "யா அல்லாஹ், வழி விடச் சொல்லு," என்று ஒலிக்காரர் வெளியே இறங்கி ஒவ்வொரு காரையும் தட்டிக்கொண்டே முன்னால் ஓடினார். நான் புரோகிராமரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உயிர் பிழைத்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டி, பேச்சும் எழுத்தும் இருக்கும் இடம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "அப்புறம்." பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

நாங்கள் மூவரும் மாடியறையில் உட்கார்ந்து அவருடைய புரோகிராமைத் திறந்தோம். எனக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும். ஆனால் அவர் தனக்கு மட்டும் புரியும்படி பெயர் வைத்திருந்தார். வண்டியின் எடையை ஒரு பக்கம் இழுக்கும் பகுதிக்கு 'மாமனார்' என்று பெயர். வழுக்கலுக்கு 'மோர்'. 'சின்னமாமா' என்று ஒன்று, 'பெரியமாமா' என்று ஒன்று. அவை என்னவென்று யாருக்கும் தெரியாது. எழுதி வையுங்கள் என்று நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

மழைக் கட்டத்தில் 'மோரை'க் குறைத்தால் இரண்டாம் கட்டத்தில் சக்கரம் தரைக்குள் புதைந்தது. அதைச் சரிசெய்தால் மாடு மிதந்தது. வெளியிலிருந்து ஒரு புரோகிராமரை வரவழைத்தோம். மூன்று நாட்கள் பார்த்தார். "இது அவரால மட்டும்தாங்க முடியும். இல்லைன்னா முதல்லேருந்து எழுதணும். ஆனா வண்டி இதே மாதிரி ஆடாது," என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "பெருமாள் திருவுள்ளம் எப்படியோ, நீ தூங்கு," என்றாள்.

ஐப்பசியில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காட்டூருக்குப் போனேன். அவருடைய மனைவி தயங்கினார். பிறகு, பழைய வேலையைப் பார்த்தால் நல்லதோ என்னவோ என்று ஒப்புக்கொண்டார். மழைக் கட்டத்தின் வரிகளைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இடது கை விரலை ஒரு வரியின் மேல் வைத்தார்.

"இதுவா சார்? இங்கதான் கோளாறா?"

"அப்புறம்," என்றார்.

அடுத்த வரியில் வைத்தார். "இதுவா?"

"அப்புறம். அப்புறம்." குரல் உயர்ந்தது. விரல் வரிகளின் மேல் மேலும் கீழும் ஓடியது. தான் எழுதியதை அவரால் படிக்க முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே நிமிடம் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அவருடைய மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து நின்றாள்.

மனைவி லேப்டாப்பை மூடினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்ப வேணா வாங்க. இது மட்டும் வேணாம்ங்க."

வாசலில் செருப்பைத் தேடியபோது எனக்குக் கண் தெரியவில்லை.

வெளியீட்டு நிறுவனத்திலிருந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள், பிறகு விலகிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் மேலாவது கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிந்த நான்கு கட்டங்களையும் இலவசமாக வெளியிட்டோம். ஓவியம் வரைபவள் சென்னைக்கு ஒரு அனிமேஷன் நிறுவனத்துக்குப் போனாள். ஒலிக்காரர் துபாயில் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். கிளம்புகிற அன்று என்னிடம் போனில் சொல்லிக்கொண்டு, போனைத் தன் அத்தாவிடம் கொடுத்தார். "எங்க பையனுக்கு அந்த ரூம்தாம்மா எல்லாம்," என்றார் பெரியவர்.

இப்போது நான் வீட்டிலிருந்தே வேறு யாருடைய விளையாட்டுகளிலோ பிழை தேடிக் கொடுக்கிறேன். எங்கள் விளையாட்டை பதிவிறக்கம் செய்தவர்களில் சிலர் அந்தப் பக்கத்தின் கீழே எழுதுகிறார்கள்: "நாலாவது கட்டத்தோடு ஏன் நிறுத்திட்டீங்க? சோம்பேறித்தனமா?" பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிடுவேன்.

மாதம் ஒருமுறை காட்டூருக்குப் போகிறேன். பேச்சுப் பயிற்சியில் அவருக்கு முப்பது, நாற்பது சொற்கள் திரும்பியிருக்கின்றன. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என்னைக் கண்டால் "வாங்க" என்கிறார். காபி வரும், டிவி ஓடும். அந்த விளையாட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மறந்துவிட்டாரா, நான் சங்கடப்படுவேன் என்று கேட்காமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய மனைவியிடம் கேட்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.