சரஸ்வதி பூஜையில் ஓடிய கணக்கு

அம்மாவின் இடுப்பில் ஆபரேஷன் செய்து வைத்த உலோகத் தண்டு ஆட்டம் கண்டுவிட்டது. எழுந்து நின்றாலே "அம்மாடி" என்பாள். காரணம் எனக்கு மனப்பாடம். எலும்பின் உள்பக்கம் தேன்கூடு மாதிரி வலைப்பின்னல். உள்ளே வைப்பதோ கெட்டி உலோகம். பாரத்தையெல்லாம் அதுவே சுமக்க, வேலையில்லாத எலும்பு சுற்றிலும் கரைந்துபோகும். தண்டையும் வலைப்பின்னலாகச் செய்தால்? அதில் ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவராத்திரி. அடையாறில் எங்கள் லேபை விடுமுறைக்குப் பூட்டிவிட்டார்கள். மயிலாப்பூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கை ஓடவிட்டேன். விஜயதசமி காலைக்குள் விடை வராவிட்டால் கருத்தரங்குக்குக் கட்டுரை போகாது, ஒரு வருஷ உழைப்பு வீண். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் புத்தகத்தைக்கூடத் தொடக் கூடாது. அம்மா குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள்.

"அதை அணைடி. பூஜைல வைக்கணும்."

"முடியாது! வேணும்னா என்னைத் தூக்கி வை!"

"கத்தாதே. நாலு ஆத்துக்குக் கேக்கும்."

"உன் இடுப்புக்காகத்தானேம்மா ஓடறது!" என்று அழுதே விட்டேன்.

அம்மா திரையில் ஓடும் எண்களைப் பார்த்தாள். "நீ படிக்கப்படாதுன்னுதான் பெரியவா சொல்லியிருக்கா. அது தானா படிச்சுண்டிருந்தா நான் என்ன பண்றது?"

சந்தனம் குங்குமம் இட்டு, தன் பட்டுப்புடவையைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போர்த்திவிட்டாள். வந்ததே வினை! பூஜை முடிந்து தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. காற்றுத் துளையையெல்லாம் பட்டு அடைத்திருந்தது.

"ஐயையோ, கெடுத்துட்டேனா?" என்று பதறினாள் அம்மா.

புடவையை உருவி, பெட்டியின் மூடியைக் கழற்றினேன். நல்லவேளை, கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பனை விசிறியால் வீச ஆரம்பித்தாள். கொலு பார்க்க வந்த மாமிகளிடம், "இதுக்கு ஜுரம், சுண்டல் அடுக்களைல இருக்கு, நீங்களே எடுத்துக்கோங்கோ" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, அழுகைல ஏதோ சொல்லிட்டேன். இது நிஜமா வர ரொம்ப வருஷம் ஆகும். உனக்கு உதவாது."

"தெரியும்டி. இன்னொருத்தி இடுப்புக்கு ஆகுமோல்லியோ?"

விசிறி நிற்கவில்லை.

விடை காலையில் வந்தது. கட்டுரையும் போனது. இன்று வலைப்பின்னல் உலோகம் வைத்த இடுப்போடு எத்தனையோ பேர் நடக்கிறார்கள். அம்மா கடைசிவரை பழைய தண்டோடு, "அம்மாடி" என்றபடியேதான் நடந்தாள்.