தொட்டில் கம்பு

எனக்கு வாய் நீளம். எங்க லயத்துல வரிசையா இருக்கிற வீட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரே ஒரு விஷயத்த மட்டும் இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அது என்னைய சும்மா உக்கார விடமாட்டேங்குது.

அப்ப மூத்தவன் பொறந்து நாலு மாசம். தெஹியோவிட்ட பக்கம் ரப்பர் தோட்டத்துல எனக்குப் பால் வெட்டுற வேல. புள்ளைய நாத்தனாகிட்ட விட்டுட்டுப் போவேன். அவ அவிசாவளையில கார்மெண்ட்ஸ் வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்தா. கூரை மரத்துல பழைய சேலையில தொட்டில் கட்டியிருந்தோம். துணி சேந்து புள்ள மூஞ்சிய மூடிடக் கூடாதுன்னு நடுவுல ஒரு கம்பு குடுத்து விரிச்சு வைப்போம்.

அந்த வாரம் மிட்வைஃப் மிஸ் வந்தாங்க. தொட்டிலப் பாத்துட்டு, தலகாணிய வெளிய எடுத்துப் போட்டு "கொட்டே எப்பா"ன்னாங்க. தலகாணி வேணாமாம், கெட்டியா சமமா இருக்கிற எடத்துல மல்லாக்கத்தான் படுக்க வைக்கணுமாம். "இருக்கிறது ஒரு கட்டில், அதுல மூணு பேரு. தரையில போட்டா பூரான் வரும். எங்க போய் படுக்க வைக்கிறது?"ன்னு நானும் சிங்களத்துலயே குடுத்தேன். மிஸ் போனதும் நாத்தனா மெதுவா, "மிஸ் சொல்றது சரிதானே அண்ணி"ன்னா. வந்துச்சே கோவம்! "பெத்தவ நானா நீயா? என் புள்ளைய தரையில போட்டுப் பாரு, அப்ப தெரியும் சேதி!"

ரெண்டு நாள் கழிச்சு நல்ல மழை. விடிஞ்சு பாத்தா வாசல்ல சாக்கடைக் கான் அடைச்சு, தண்ணி வாசலுக்கு ஏறிருச்சு. கைக்குக் கெடைச்சது தொட்டில் கம்புதான். புள்ள கட்டில்லதான தூங்குறான்னு உருவி எடுத்து கானக் குத்திவிட்டேன். கம்பு முழுக்கச் சேறு. அப்புறமா கழுவி மாட்டுவோம்னு வெளிச்செவத்துல சாய்ச்சு வச்சேன். மழையில நனைஞ்ச மரம் காஞ்சதும் பால் வெட்ட கங்காணி கூப்பிட்டுட்டாரு. "அழுதா தொட்டில்ல போட்டு ஆட்டு"ன்னு நாத்தனாகிட்ட சொல்லிட்டு ஓடினேன்.

பாதி மரம் வெட்டியிருப்பேன். மரத்துல பால் புடிக்கக் கட்டுற ஒரு செரட்டையில குச்சி ஒண்ணு விழுந்து கெடந்துச்சு. அத எடுத்து எறியப் போன கை அப்படியே நின்னுருச்சு. ஐயோ, கம்பு! கம்பு வெளிய இருக்கு!

ஓடினேன். "ஏய், பால யாரு எடுக்கிறது?"ன்னு கங்காணி பின்னால கத்துறாரு. பால் நாசமாப் போகட்டும். ரெண்டு தடவ வழுக்கி விழுந்தேன். லயத்துக்கிட்ட வந்தா புள்ள சத்தமே இல்ல.

உள்ள தொட்டில் ஒட்டிப்போய்த் தொங்குது. அமுக்கிப் பாத்தேன், வெறுந்துணி. திரும்பினா, கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில பாய், பாய்மேல என் புள்ள மல்லாக்கத் தூங்குறான். வயிறு ஏறி எறங்குது. பக்கத்துல நாத்தனா, பூரானுக்காகக் கையில வெளக்குமாத்தோட சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. என்னையப் பாத்ததும் பதறி எந்திரிச்சா.

"ஏசாதீங்க அண்ணி. தொட்டில்ல போட மனசு வரல. கண்ண எடுக்காம பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவ கால்ல விழுந்திருக்கணும் நான். என்ன சொன்னேன் தெரியுமா? "தரையில போடாதேன்னு சொன்னேன்ல?" சேத்துக் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு அதத்தான் சொன்னேன். அன்னைக்கே தொட்டில அவுத்துப் பெட்டியில வச்சுட்டேன். ஏன்னு கேட்டவங்களுக்குக் காரணம் சொல்லல.

இப்ப அவ வரக்காப்பொலயில வாழ்க்கப்பட்டு, நெறமாசமா இருக்கா. நேத்து போன் எடுத்தா. "அண்ணி, உங்க தொட்டில் சேலையையும் கம்பையும் தருவீங்களா? அன்னைக்கு தரையில போடாதேன்னு நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் அப்ப ஒண்ணும் தெரியல"ன்னு சிரிக்கிறா.

ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தேன். காலையில மொத பஸ்ஸுலயே ஏறிட்டேன். சேலையும் எடுக்கல, கம்பும் எடுக்கல. அன்னைக்குக் கம்பு எங்க இருந்துச்சுன்னு அவகிட்ட சொல்லத்தான் போறேன்.