மூக்கைத் திறந்த மூலிகை மாத்திரை

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில், தூசிக்கு நடுவே எனக்கு வேலை. பன்னிரண்டு வருடமாகத் தினமும் ஓர் அலர்ஜி மாத்திரை விழுங்கித்தான் தும்மலை அடக்கிவந்தேன். ஆயுசுக்கும் இதுதானா என்ற வெறுப்பில், பாசார் சந்தையில் கடை போட்டிருந்த ஒருவரிடம் மூலிகை மாத்திரை வாங்கினேன்.

"எல்லாம் வேரும் இலையும்தான் பாஸ், பயப்படாதீங்க லா" என்றார்.

மூன்றே நாளில் மூக்கு திறந்துகொண்டது. பெருமை தாங்காமல், என்னைப் போலவே தும்மிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சரசு அக்காவுக்கும் மாதாமாதம் வாங்கிக் கொடுத்துவந்தேன்.

ஆறு மாதத்தில் என் முகம் பூரியாக உப்பியது. கிளினிக்கில் டாக்டர் அந்த மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும் போல. ஆனா சட்டுனு நிறுத்தினா ஆபத்து. நான் தர்ற மருந்தை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

வீடு திரும்பினால், வாசலில் சரசு அக்கா சுவரைப் பிடித்தபடி நின்றார். கன்னங்கள் உருண்டிருந்தன.

"தம்பி, மருந்து முடிஞ்சு மூணு நாளாச்சு. எந்திரிக்கவே முடியல. இன்னொரு டப்பா இருக்கா?"

உடனே காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடமே திரும்பினேன்.

"நீதான் தம்பி எனக்கு மூச்சு குடுத்தே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாங்கிக் கொடுத்த மாத்திரைதான் அவரை இப்படி ஆக்கியது என்பதை டாக்டரே சொல்லட்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.