ஊர் பேர் இல்லாமல் வந்த படம்

அப்பா காணாமல் போன அன்று எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அப்பா மேல் இல்லை. மறதி நோய் வந்தவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? எல்லாம் வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல்தான்.

காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். தென்காசியில் எங்கள் தெரு, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல் எல்லாம் பார்த்தாயிற்று. குற்றாலத்தில் சீசன் நேரம். அந்தக் கூட்டத்துக்குள் போயிருந்தால் எங்கே என்று தேடுவது? போலீசில் சொல்லிவிட்டு, அவர் படத்தைத் தெரிந்த குரூப்பில் எல்லாம் போட்டேன். அவருக்குச் சர்க்கரை. மாத்திரை போடவில்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. எங்கே மயங்கி விழுந்து கிடக்கிறாரோ?

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. ரோட்டோரம் ஒரு சின்னப் பாலத்துச் சுவரில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கீழே, ‘பெரியவர் இங்கே இருக்கிறார், அதிகம் பகிரவும்’ என்று எழுதியிருந்தது. இங்கே என்றால் எங்கேடா? அனுப்பியவரைக் கூப்பிட்டால், “எனக்கு வந்துச்சு மதினி, அப்படியே தட்டி விட்டேன்” என்கிறார். அவருக்கு அனுப்பியவரும் தட்டி விட்டவர்தான். ஊர் முழுக்கத் தட்டி விட்டிருக்கிறது, இடத்தின் பெயரை எழுத ஒருவருக்கும் விரல் வளையவில்லை. அதற்குள் குரூப்பில் கும்பிட்ட கைகள் வந்து குவிந்தன. ஒரு புண்ணியவான் ரோஜாப்பூ அனுப்பியிருந்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கடை இல்லை, போர்டு இல்லை, மைல்கல் இல்லை. முன்பென்றால் நிற்கிற மரத்தை வைத்தே இடம் சொல்லிவிடலாம். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியபிறகு எந்த ரோட்டைப் பார்த்தாலும் மொட்டைத் தலைதான். தெரிந்ததெல்லாம் பின்னால் மலை, அதன் அடியில் மேகம்போல ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்தில் நின்ற லோடு ஆட்டோவில் எலுமிச்சை மூட்டை, அப்பா கையில் ஏதோ துண்டுக் காகிதம்.

சென்னையிலிருந்து தம்பி போன் போட்டான். “யக்கா, மலையப் பாரு. நம்ம ஊர்ல இருந்து பாத்தா பெரிய முகடு இடப்பக்கம்லா இருக்கும்? இதுல வலப்பக்கம் இருக்கு. இது நம்ம பக்கமே கெடையாது. எலுமிச்ச லோடு வேற நிக்கி. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிதான். கையில வச்சிருக்கது பஸ் டிக்கெட்டு.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை பொய் சொல்லாது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துத்தான் திசை சொல்கிறோம். பைக்கை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்கு ஓடினோம்.

எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்க மூட்ட போகாத ரோடு எதும்மா? கேரளா வரைக்கும்லா போவுது” என்றார். டீக்கடையில் ஒருவர் ராயகிரிப் பக்கம் என்றார். இன்னொருவர் அது இல்லவே இல்லை என்று அவரோடு சண்டைக்குப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. “ராயகிரியையும் ஒரு எட்டு பாத்துருவோமா?” என்று வீட்டுக்காரர் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன், அப்படியே மதுரைக்கும் போவோமே!” என்று நடுரோட்டில் கத்தினேன்.

கத்திவிட்டு மறுபடியும் படத்தை எடுத்தேன். காலையிலிருந்து மலையைப் பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். அப்பாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. வாட்சு இடது கையில் இருந்தது.

அப்பா இடது கையில் வாட்சு கட்டவே மாட்டார். நெல் அறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு அந்த மணிக்கட்டில் இருக்கிறது, வார் உரசும்.

“ஏங்க, படம் இடவலம் மாறிலா இருக்கு!”

கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டுகிற செல்ஃபி. யாரோ எடுத்ததில் அப்பா பின்னால் விழுந்திருக்கிறார். தங்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். போனில் படத்தைத் திருப்பியதும், எங்கள் மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற அதே மலை. மேகம் என்று நினைத்த வெள்ளைக் கோடு எங்கள் ஊர்ப் பக்கத்து இலத்தூர்க் குளம். அங்கிருக்கிற அந்தப் பாலத்தை ஒட்டித்தான் ஒரு காலத்தில் எங்கள் வயலும் வீடும் இருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

திரும்புகிற வழியெல்லாம் தம்பியைத் திட்டினேன், குரூப்பைத் திட்டினேன், செல்ஃபி கண்டுபிடித்தவனைத் திட்டினேன். அந்தப் பாலத்திலேயே அப்பா உட்கார்ந்திருந்தார். பைக் நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணுதிய? எங்கெல்லாம் தேடுறது?”

வேற்று ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மெல்ல எழுந்து, கையிலிருந்ததை நீட்டினார். பஸ் டிக்கெட் இல்லை. பத்தாம் வகுப்பில் எடுத்த என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் படம். ரெட்டைச் சடை, ரிப்பன்.

“யம்மா, இந்தப் பிள்ளைய எங்கனயும் பாத்தியளா? பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வீடு வரல. காலையில இருந்து போற வாறவங்ககிட்ட எல்லாம் படத்தக் காட்டுதேன். வாங்கிப் பாக்காவ, கும்பிடுதாவ, போயிருதாவ. எங்க இருக்கான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.”

அவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தேன்.

“பாத்தேன். வீட்லதான் இருக்கா. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”