கோட்டு கரைந்த படம்

மீட்டர்காரர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது சம்பளத்துக்கு. சந்தோஷத்துக்குக் கழுத்தில் ஒரு ஃபிலிம் கேமரா தொங்கும். கறுப்பு வெள்ளை மட்டும்தான். எந்தத் தெருவில் எந்தப் படிக்கட்டின் நிழல் எப்போது சுவரில் சாயும் என்பது அவருக்கு அத்துப்படி. நம் வீட்டு மீட்டர் ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் தெரியாது.

அந்த நிழல்களுக்குள் நடக்க ஆள் வேண்டுமே. வீட்டிலேயே ஒருவர் இருந்தார், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவி. குடை பிடித்துப் போகும் முதுகு, சுவர் முனையில் மறையும் குதிகால், வெயில் சந்தில் ஒற்றைக் கறுப்புக் கோடு, எல்லாம் அவர்தான். முகம் மட்டும் எதிலும் கிடையாது. முகம் வந்துவிட்டால் பார்ப்பவர் கண் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும், கோடும் வெளியும் வீணாகும் என்பது மீட்டர்காரரின் சித்தாந்தம். இதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கே அந்த மனிதருக்குப் பரிசு கொடுக்கலாம்.

நூலகக் கூடத்தில் அவருடைய படங்களை மாட்ட இடம் கிடைத்தது. பார்க்க வருவதாக மனைவியின் அக்கா சொல்லியனுப்பினார். அங்கேதான் வந்தது வினை.

"ஏங்க, 'இதுல நீ எங்கடி'ன்னு அக்கா கேட்டா, அந்தக் குதிகாலக் காட்டவா? ஒரே ஒரு படம். மூஞ்சி தெரியணும்."

மீட்டர்காரர் பின்தெருக் கிடங்கின் பெரிய பச்சைக் கதவைத் தேர்ந்தெடுத்தார். பளிச்சென்று தெரியட்டும் என்று, அக்கா வாங்கிக் கொடுத்த சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மனைவி வந்து நின்றார். பச்சைக்கு முன்னால் சிவப்பு தகதகத்தது. ஒரு நிழலுக்காகக் கால் கடுக்கக் காத்திருக்கும் மனிதர், பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போய் அழுத்திவிட்டார். கோடு, வெளி எல்லாம் மறந்து, கேமரா வழியாக முதல் தடவை பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறார், பாவம்.

கழுவிப் பார்த்தால், கறுப்பு வெள்ளையில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல். நேற்று கேமரா வாங்கியவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. சிவப்புக் கோட்டு கதவோடு கதவாகக் கரைந்திருந்தது. தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. சாம்பலுக்கு நடுவே ஒரு முகம், கீழே இரண்டு கைகள்.

ஃபிலிம் வீணாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. மனைவி படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இத்தன வருஷமா மூஞ்சிய விட்டுட்டு மிச்சத்த எடுத்தீங்க. இப்ப மிச்சத்த விட்டுட்டு மூஞ்சிய எடுத்திருக்கீங்க. சரியாப் போச்சு. இதையே மாட்டுங்க."

கூடத்தில் அக்கா மற்ற படங்களை நடந்தபடியே முடித்தார். இதன் முன்னால் நின்றார். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். தங்கைக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"அழகாத்தான் இருக்கடி," என்றார் கடைசியில். "நான் வாங்கித் தந்த கோட்டத்தான் போடத் தோணல உனக்கு."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரைத் தேடினார். அவர் கூடத்து மூலையில், மும்முரமாக மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.