லிஃப்ட் மெக்கானிக் படித்த ஆங்கில வார்த்தைகள்

கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர். கயிறு லேசாகத் தேய்ந்தாலே மாற்றிவிடுகிற ஆள்தான். தொழிலில் குறை சொல்ல முடியாது. சொந்த விஷயம் என்று வந்தால் மட்டும், வீடானாலும் உடம்பானாலும், "அப்ப பாத்துக்கலாம்" என்பார். மழை பிடித்த பிறகு குடை வாங்கப் போகிற ரகம்.

அந்த உடம்பு இப்போது பழிவாங்கியது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏணியில் ஏறும்போதெல்லாம் வலது முழங்கால் உயிரை எடுத்தது. வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. அந்தச் சமயத்தில்தான் பராமரிப்பைத் திட்டமிடும் மேற்பார்வையாளர் வேலை காலியானது. கிடைத்தால் நாற்காலி, கிடைக்காவிட்டால் ஏணிதான், கால் தாங்கும்வரை. நேர்முகத் தேர்வோ ஆங்கிலத்தில்.

கால் சென்டரில் வேலை பார்க்கும் மச்சினி வாத்தியார் ஆனாள்.

"முன்யோசனை உள்ள ஆளத்தான் தேடுறாங்க மாமா. அதுக்குன்னு நாலஞ்சு வார்த்தை இருக்கு. ஃபோர்சைட்னா வரப்போறத முன்னாடியே பாக்குறது. ப்ரோஆக்டிவ்னா யாரும் சொல்றதுக்கு முன்னாடி தானா செய்யறது. லாங்-டெர்ம் திங்கிங்னா..."

"அடுத்த வாரத்தப் பத்தி யோசிக்கிறது."

"பல வருஷம் தள்ளி யோசிக்கிறது மாமா. அப்படி யோசிக்கிறவர ஃபார்சைட்டட்னு சொல்லலாம்."

"அது கண்ணாடிக் கடையில கண்ணுக்குச் சொல்றதாச்சே."

"ஆளுக்கும் சொல்லலாம். எழுதிக்கோங்க."

எழுதியும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் தொழிலில் செய்வதையே செய்தார். கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரே நிறத்தில் எத்தனை கம்பிகள் இருந்தாலும் அவர் திணறமாட்டார். ஒவ்வொன்றிலும் துண்டு டேப் சுற்றி, அது எங்கே போகிறது என்று குறித்துவைப்பார். அதேபோல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சம்பவத்தைச் சுற்றினார். ஃபோர்சைட்: குழாய் உடைந்து ஊரே தவித்த அன்று வீட்டில் வாளிகளெல்லாம் நிரம்பியிருந்தது. ப்ரோஆக்டிவ்: வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் முன்பே வேறு வீடு பார்த்துவைத்தது. லாங்-டெர்ம்: மகளின் சீருடைக்கு உள்மடிப்பு தாராளமாக விட்டது, பிள்ளை வளர வளர பிரித்துவிட்டால் போதும். இப்போது வார்த்தைகள் கல்வெட்டாக நின்றன. அத்தனையும் தன் மனைவி செய்த காரியங்கள் என்பது மட்டும் அந்தப் புண்ணியவானுக்கு உறைக்கவே இல்லை.

"உங்கள் ஃபோர்சைட்டுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்டார் மேனேஜர். மெக்கானிக் வார்த்தையைப் பிடித்து இழுத்தார். கூடவே மனைவி வந்தாள். "மை வைஃப்..." என்று ஆரம்பித்து வாளி, வீடு, சீருடை என எல்லாவற்றையும் கொட்டினார்.

"அதெல்லாம் உங்கள் மனைவி. நீங்கள் என்ன செய்தீர்கள்?"

'நானும் சேர்ந்துதான் செய்தேன்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் நாற்காலி கிடைத்திருக்குமோ என்னவோ. வாயைத் திறந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சுட்டது.

"நத்திங், சார். ஷி இஸ் ஃபார்சைட்டட். ஐ ஆல்வேஸ் சே, லேட்டர்."

மேனேஜரும் கூட இருந்தவர்களும் நல்லவிதமாகவே சிரித்தார்கள். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்படி என்னதான் சொன்னீங்க?"

"உன்னப் பத்திச் சொன்னேன்."

மெஷின் நின்றது. "என்னப் பத்தியா? என்னன்னு?"

அவர் ஆங்கிலத்திலேயே ஒப்பித்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அந்நியர்கள் முன்னால் மடமடவென்று வந்தது இங்கே வர மறுத்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளை ஒரு வார்த்தை மெச்சிப் பழக்கமில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எனக்கு வரவேண்டிய கஷ்டத்தையெல்லாம் நீ முன்னாடியே போய் நின்னு வாங்கிக்கிட்ட. நான் ஒண்ணைக்கூட கவனிக்கல." பிறகு, "இன்னொண்ணும் உங்கிட்ட மறைச்சுட்டேன். என் முழங்கால்..."

"தெரியும். செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நீங்க படியேறுறத நான் பாக்கலையா? காலைல டாக்டர்கிட்ட போறோம், டோக்கன் போட்டாச்சு. இனிமே ஏணி ஏற முடியாதுன்னு கம்பெனில சொல்லுங்க, பட்டறையில உக்காந்து செய்யற வேலையக் கேளுங்க."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம இருந்த?"

அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் நானே கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி? இத ஒண்ணையாவது நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மெக்கானிக் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேன்ட்டை மேலே சுருட்டி, எங்கே வலிக்கிறது என்று காட்டினார்.